மூன்றரைக்குத் தட்டிவிடு

முதல் நாள் கிரெய்க் சொன்னான்:
"மூன்றரைக்கு நீ நாக் ஆஃப்."
நாக் என்றால் தட்டு. அது தெரியும்.
எதைத் தட்டுவது என்றுதான் தெரியவில்லை.
மூன்று இருபத்தெட்டிலிருந்து
ரப்பர்ச் சுத்தியலோடு நின்றேன்.
சங்கு ஊதியது.
எல்லோரும் கையுறையைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
டாண்டினோங் தெற்கில்
மெத்தைச் சுருள்கள் குவிந்த கொட்டகைக்குள்
தட்ட ஒன்றுமில்லாமல் ஒருவன்.

பிறகு அது எங்கும் கேட்டது,
நாம் வாங்கிய நிறத்திலேயே
தெருவெல்லாம் கார் ஓடுவதுபோல.
சந்தையில் பை விற்கிறவள்
உனக்காகப் பத்து டொலர் நாக் ஆஃப் என்றாள்.
அந்தப் பையே நாக் ஆஃப்தான் என்று ஹான் சிரித்தாள்;
பிரெஞ்சுப் பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது.
ரயில் நிலையத்தில் என் சைக்கிளை
யாரோ நாக் ஆஃப் பண்ணினார்கள்.
தொலைக்காட்சியில் ஒரு சாட்சிக்காரனை.
அவன் திரும்பி வரவில்லை.
சைக்கிளும்தான்.
பக்கத்து வீட்டு இரட்டையர் அடிபட்டால்
சுவருக்கு அந்தப்பக்கம் தாய் கத்துவாள்:
நாக் இட் ஆஃப்!
இந்தப்பக்கம் நான்
வெங்காயம் வெட்டுவதை நிறுத்துவேன்.

குறை சொல்லவில்லை.
எங்கள் தட்டு மட்டும் என்ன லேசா?
முதுகில் தட்டினால் பாராட்டு.
தட்டிக் கேட்டால் வம்பு.
சீனிக்குத் தட்டுப்பாடு வந்த வருடம்
அக்காவின் கலியாணப் பேச்சு மூன்று தரம் தட்டிப்போனது.
சொல்லைத் தட்டாதே என்று வளர்த்தார்கள்,
தட்டித்தான் வள்ளம் ஏறினேன்.
இதையெல்லாம் விளக்கினால் கிரெய்க்
தைத்து முடியாத மெத்தையிலேயே படுத்துவிடுவான்.

ஆனாலும் ஓர் அர்த்தம் அவனிடம் இல்லை.
நடுச்சாமத்தில் படலையில் தட்டுவார்கள்.
நாங்கள் விளக்கை ஊதி அணைப்போம்.
நாக்.
ஆஃப்.
இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சளவு இடம்.
அண்ணா அதற்குள்தான் பின்வேலி பாய்ந்தான்.

போன வாரம் கோரான் செத்துப்போனான்.
முப்பத்தொரு வருடம் ஒரே மேசை.
அவன் அலமாரிக் கதவில் யாரோ சோக்கால்
"நேரத்தோடு நாக் ஆஃப்" என்று எழுதியிருந்தார்கள்.
பகிடியா, பொறாமையா, அஞ்சலியா?
கிரெய்க்கிடம் கேட்க நினைத்தேன்,
அவன் அழித்துவிடாமல்
அதற்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தான்.
மூன்றரைக்குச் சங்கு ஊதியது.
சங்குக்கும் எங்களிடம் இரண்டு அர்த்தம்தானே.

நேற்றிரவு வதனி எடுத்தாள், கிளிநொச்சியிலிருந்து.
நாளைக்கு எத்தனை மணிக்கு வேலை முடியும், கதைக்கலாமோ?
வாய் தவறி வந்துவிட்டது:
"மூன்றரைக்கு நாக் ஆஃப்."
லைனில் இரைச்சல். முதற்பாதிதான் கேட்டிருக்க வேண்டும்.
குரலைத் தாழ்த்தி,
"ஆர் தட்டினது?" என்றாள்.

ஒருத்தரும் இல்லை, ஒருத்தரும் இல்லையப்பா என்றேன்.
அவள் பக்கம்
ஒரு சுவிட்சின் சத்தம் கேட்டது.
போட்டாளா, அணைத்தாளா
தெரியவில்லை.