நான்காவது துளை

கடல் உறைந்து பதினோரு நாள்.
வோர்ம்சித் தீவின் எங்கள் கரையில் நின்றால்
விரிகுடாவின் அந்தப் பக்கம்
தீ மூட்டியிருப்பது தெரிகிறது.
மிர்தெலின் வகுப்பில் பாதிப் பேர் அங்கே.
பனிக்கட்டி மேல் நடந்தால் நாற்பது நிமிடம்.
சாலை வழியென்றால் இருபத்து மூன்று கிலோமீட்டர்,
சனிக்கிழமை பேருந்து கிடையாது.

"போகக் கூடாது."
"ஏன்?"
"சொன்னால் கேள்."

கதவு அறைந்த அதிர்ச்சியில்
கொக்கியில் தொங்கிய கோப்பைகள்
வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தன.
சொன்னால் கேள் என்பது பதிலா?
பயமாக இருக்கிறது என்பதை
அதிகாரத்தின் குரலில் சொல்லியிருக்கிறேன்,
அவ்வளவுதான்.
பதினைந்து வயதுக்கு அது புரிந்துவிடுகிறது.

கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன்,
பூட்ஸும் கம்பளிக் கோட்டுமாக, வியர்த்தபடி.
"துரப்பணத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.
நான் சொல்ல வேண்டாம், நீ சொல்ல வேண்டாம்.
துளை சொல்லட்டும்."
பதில் இல்லை.
கால் மணி நேரம் கழித்து
என்னைத் தாண்டிக்கொண்டு போய்
தன் கையுறைகளைத் தேடினாள்.

முதல் துளை: பதினான்கு சென்டிமீட்டர்.
"நடக்கப் பத்துப் போதும்," என்றாள்.
"போதும்," என்றேன்.
இரண்டாவது: பதின்மூன்று.
மூன்றாவதும் பதின்மூன்று.
அவள் உதட்டோரம் ஏறிய சிரிப்பை
நான் பார்க்காதது போல் துளையைப் பார்த்தேன்.
உண்மையைச் சொல்கிறேன்:
ஒவ்வொரு துளையிலும்
பனிக்கட்டி மெலிந்திருக்க வேண்டும் என்றுதான்
மனது கிடந்து அடித்துக்கொண்டது.
பேச்சு என்னவோ நியாயமாகத்தான் இருந்தது.

நான்காவது, நாணல் புதருக்கு அப்பால்,
ஓடை வந்து சேரும் இடம்.
வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது.
அளவுகோலை இறக்கினேன். பதினொன்று.
தோற்றுவிட்டேன்.
"சரி," என்றேன், "கயிறு எடுத்துக்கொள்,
கழுத்தில் பனி ஆணிகளை மாட்டிக்கொள்."

அவள் நகரவில்லை.
கையுறையைக் கழற்றி
விரலைத் துளைக்குள் விட்டு விளிம்பைத் தடவினாள்.
"அம்மா, மேலே ஏழு வெள்ளை.
வெண்பனி நனைந்து உறைந்தது.
வெள்ளைக்குப் பாதிக் கணக்குதானே?
மூன்றரை. கீழே தெளிந்தது நாலு. ஏழரை."

போன மார்ச்சில்
ஒரு வாளித் தண்ணீரை வைத்து
நான் சொன்ன கணக்கு அது.
அன்று அவள் காதில் ஹெட்போன் இருந்தது.

எதிர்க்கரைத் தீயை
மூக்கு சிவக்கும்வரை பார்த்தாள்.
பிறகு திரும்பி,
"என்னைப் போகவிட்டிருப்பாய்."
"ஆமாம்."
"ஏன்?"

இப்படி ஒரு 'ஏன்'
இந்தத் திசையிலிருந்து வருமென்று நினைக்கவில்லை.
"ஏனென்றால் நீளத்தைப் பார்த்தேன்,
நிறத்தைப் பார்க்கவில்லை.
ஏனென்றால் துளை சொல்லட்டும் என்று
வாக்குக் கொடுத்திருந்தேன்.
அப்புறம், களைத்துவிட்டேன் மிர்தெல்."
தலையை ஆட்டவில்லை. மன்னிக்கவும் இல்லை.
துரப்பணத்தை மட்டும் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

இரவு வேலைக்குக் கிளம்பும்போது
பனி ஒதுக்கும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டேன்.
இருபத்து மூன்று கிலோமீட்டரும்
தலைக்கு மேல் ஆரஞ்சு விளக்கு சுழல,
கலப்பை சாலையைச் சுரண்ட,
ஒரு சொல் இல்லை.
கடைசித் திருப்பத்துக்கு முன்னால்:
"அந்த விளக்கை அணை."
"முடியாது."
"ஏன்?"
"எதிரே வருகிறவனுக்கு
இந்தக் கலப்பை எவ்வளவு அகலமென்று
இருட்டில் தெரியாது."

யோசித்தாள்.
"அப்படியானால் இங்கேயே நிறுத்து."

இறங்கினாள்.
எனக்கு முன்னாலேயே யாரோ ஒதுக்கி
வழுவழுவென்று கிடந்தது சாலை.
அதில் நடக்காமல்
ஓரத்துப் பனிமேட்டில் ஏறி,
முழங்கால்வரை புதையப் புதைய,
போய்க்கொண்டிருந்தாள் தீயை நோக்கி.

கண்ணாடியை இறக்கினேன்.
காரணம் கேட்க வாயெடுத்து,
குளிர்காற்றை விழுங்கிக்கொண்டு,
ஏற்றிவிட்டேன்.