இருநூற்று முப்பது வோல்ட்

வாசற்கதவில் நுழையவில்லை.
பால்கனிக் கிராதியை அறுத்துத்தான்
இரண்டு கொம்புகளையும் ஏற்றினோம்.
எதிர்வீட்டுக்காரர் கேட்டார்:
"யானைக் காது எதுக்கு மேடம், அதுவும் ஜோடியா?"
கேட்கத்தான், என்றேன்.

மூடிய டாக்கீசில் திரைக்குப் பின்னால்
வௌவால் எச்சத்தோடு கிடந்தவை.
தொண்டை என் சுண்டுவிரல் அகலம்.
வாய், இரு கை விரித்தாலும் எட்டாது.
அதோடு முடிவதில்லை கொம்பு.
சுவரும் சுவரும் சேரும் மூலை அதன் மீதி,
பிறகு அறை,
பிறகு அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் விலாக்கூடு.

இந்த மாத இரண்டாம் சனிக்கிழமை
புதுப்பாளையத்தில், என் வீட்டில்.

முத்தியால்பேட்டை காஸ்தோன் அருளானந்து
வால்வுகளைப் பச்சைக் குழந்தைகளாய்
துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவார்.
எந்தத் தட்டைப் போட்டாலும் ஒரே தீர்ப்பு:
"நடுவுல லேசா மூக்கடைப்பு."
அவர் வீட்டிலிருந்து முதலில் பீரோ வெளியேறியது,
அப்புறம் சாப்பாட்டு மேசை.
"அடுத்தது நான்தான்" என்பார் தெரேஸ்.
சொல்லிக்கொண்டே
ஊசிமுனைத் தூசியை அவரேதான் துடைப்பார்,
வேறு யாரையும் தொட விடமாட்டார்.

நூர்தீன் மரைக்காயருடைய கொம்பு மரம்.
துறைமுகத்தில் படகு கட்டுகிறவர்கள்
பலகையை நெருப்பில் காட்டி வளைத்துக் கொடுத்தது.
"தண்ணியே ஒழுகாது, சத்தம் ஒழுகிடுமா?"
நெல்லிக்குப்பம் மாட்டு டாக்டர் தயாபரன்
என் கொம்பின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கிறார்.
சினை பார்க்கிற அதே முகம்.

நான் மின்வாரியம். உதவிப் பொறியாளர்.
என்னைச் சேர்த்துக்கொண்டது காதுக்காக அல்ல,
கரண்டுக்காக.
இரவு பத்தரைக்குப் போன் வரும்:
"மேடம், வோல்டேஜ் எவ்வளவு?"
சிப்காட்டில் சுமை இறங்கட்டும், இருபது நிமிஷம் பொறுங்கள் என்பேன்,
முகூர்த்தம் குறிக்கிற ஜோசியரைப் போல.
இவர்களுக்குப் பேய் பிசாசு பயம் கிடையாது.
ஹம் என்றால்தான் பயம்.
அந்த ம்ம்ம்மை விரட்ட
தரைக்குள் செம்புக்கம்பி இறக்கி, உப்பும் கரியும் கொட்டி
தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார்
காஸ்தோன், தென்னைக்கு ஊற்றுவதுபோல்.

அன்றைக்கு நாகசுரம்.
அரக்குத் தட்டு, ஓரத்தில் ஒரு கீறல்.
அணைசும் கொம்புதானே,
கொம்பு கொம்பைப் பேசட்டும் என்றார் மரைக்காயர்.
ஒத்து பிடித்தாயிற்று.
சீவாளியை நனைத்து, லேசாக ஒரு பீ பார்த்துவிட்டு
வித்துவான் மூச்சை உள்ளே இழுத்தார்.
எங்கள் ஐந்து பேர் மூச்சும் கூடவே போனது.

கரண்ட் போனது.

நான்கு பேரும் இருட்டில் என் பக்கம் திரும்பியது
பார்க்காமலே தெரிந்தது.

கொண்டல் காற்று. இன்சுலேட்டரில் உப்புப் படிந்து
பொறி விட்டிருக்கிறது.
லைன்மேன் பாவாடைராயன் கம்பத்தின் மேலே,
நான் கீழே டார்ச்சோடு.
எனக்கோ ஒரே கவலை:
அந்த மூச்சு இன்னும் விடப்படவில்லை.

"போடு" என்றேன்.
தெருவிளக்கு வந்தது. நாய் குரைத்தது.
வால்வு சூடேற அரை நிமிஷம்.
பிறகு,
மூன்று வீடு தாண்டி, அறுத்த கிராதி வழியாக,
வந்தது.

பதினோரு வருஷம் அவற்றின் எதிரிலேயே
உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியே நின்று கேட்டதே இல்லை.
என் தலைக்கு மேல் டிரான்ஸ்பார்மரின் ம்ம்ம்.
ஒத்துக்கு ஒரு மயிரிழை கீழே.
அந்த மயிரிழையில்
வித்துவான் ஒரு நொடி நின்று பார்த்ததுபோல் இருந்தது,
பிறகு அதையும் சேர்த்துக்கொண்டு மேலே போனார்.

இறங்கி வந்த பாவாடைராயன்
கையுறையைக் கழற்றவில்லை.
"யார் வீட்ல மேடம் கல்யாணம்?"

போன் அடித்தது. காஸ்தோன்.
"கரண்ட் வந்துடுச்சே, எங்க இருக்கீங்க?"
வோல்டேஜ் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
தட்டு முடியட்டும், வருகிறேன் என்றேன்.
"எவ்வளவு காட்டுது?"

எண்ணைச் சொன்னேன்.
மூக்கடைப்பு இல்லை என்பதைச் சொல்லவில்லை.