கால் விநாடி

தித்தி கெராவாங், ஞாயிறு, காலை ஏழரை.
சாதிக்காய்ச் சாறு விற்கும் கடை
இன்னும் தார்ப்பாயை விலக்கவில்லை.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து
நேரே வந்திருக்கிறேன்,
கம்பெனிச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டு,
பையில் கேமரா,
அதற்கு இன்னும் மூன்று மாதத் தவணை.

முதல் வருடம் முழுக்க
இந்த அருவியைப் பாலாக்கினேன்.
எட்டு விநாடி, பத்து விநாடி,
லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி
ஓடுவதையெல்லாம் வெளுத்து
துணியாகத் தொங்கவிட்டேன்.
பார்த்தவர்கள் அழகு என்றார்கள்.
நாத்தனார் புனிதமலர் மட்டும்
"மேலேர்ந்து யாராச்சும் மாவு கொட்டுறாங்களா?" என்றாள்.
இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை.
மூன்றாம் வாரம் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மாவுதான்.

அப்புறம் குறைத்துக்கொண்டே வந்தேன்.
ஐந்து. இரண்டு. ஒன்று. அரை.
பொறுமையில்லாமல் ஒருநாள்
ஆயிரத்தில் ஒரு பங்குக்கே போனேன்.
நீர் நொறுங்கி நின்றது,
கல்லடிபட்ட பஸ் ஜன்னல் மாதிரி.
கால் விநாடியில்தான் நீர் நீராக இருக்கிறது.
இழை தெரிகிறது,
எந்த இழை எந்தப் பாறையில் முட்டி
மனசு மாறியது என்பதும்.

கால் என்றால் நான்கில் ஒன்று.
கால் என்றால் காற்று.
கால் என்றால் இந்த முக்காலியின் மூன்றில்
எப்போதும் வழுக்குகிற அந்த ஒன்று.
அதற்கடியில் என் சிலிப்பரைச் செருகியிருக்கிறேன்.

வெயில் வேண்டாம்.
வெயில் வந்தால் நுரை வெடித்துவிடும்,
எந்தத் திருத்தமும் அதைத் திருப்பித் தராது.
வானம் சாம்பலாய் இருக்கும் நாளில்தான்
பாசி தன் பச்சையைச் சொல்கிறது.
வடிகட்டியை மெல்லத் திருப்புகிறேன்,
ரேடியோவில் நிலையம் தேடுகிற விரலோடு.
ஒரு கோணத்தில்
பாறையின் பளபளப்பு கழன்று விழுகிறது.
உள்ளே துருச் சிவப்பு.
அட, நீ இந்த நிறமா?

ஒன்றைத்தான் எல்லாரும் மறைக்கிறார்கள்.
அருவியின் இடது தோளோடு இறங்கி
குளத்துக்குக் குறுக்கே போகும் கறுப்புக் குழாய்.
காதை வைத்தால் உள்ளே இன்னோர் அருவி.
நானும் மறைத்தவள்தான்:
குனிந்தும், பெரணி இலையை முன்னால் இழுத்தும்,
வீட்டுக்குப் போய்
பாசியை வெட்டி அதன்மேல் ஒட்டியும்.

இன்று காற்று.
பெரணி நிற்கவில்லை.
அது ஓயும்வரை காத்திருக்கிறேன்.
கணுக்காலில் அட்டை ஏறியது தெரிகிறது;
குனிந்தால் முக்காலி அசையும்.
குடிக்கட்டும்.

இலை அடங்கிய அந்த நொடி
குழாயின்மேல் ஒரு பையன்.
ஆரஞ்சு சட்டை, பத்து வயதிருக்கும்,
கை இரண்டையும் விரித்து
அக்கரைக்கு நடக்கிறான்.
அவன் அம்மா மலாயில் கத்துவது
அருவியைத் தாண்டி எனக்கே கேட்கிறது.
வழக்கமாக, ஆள் போகட்டும் என்று நிற்பேன்.
பாதி வழியில் அவன் நின்றான்.
என்னைப் பார்க்கவில்லை,
தன் பாதத்தைப் பார்த்தான்.
அழுத்திவிட்டேன்.

உடம்பு கூர்மை. விரல்கள் மட்டும் கலங்கல்,
நீரைப் போலவே.
ஒரு வருடமாகச் சொல்ல முடியாதிருந்த
அருவியின் உயரத்தை
அவன் முதுகு சொல்லிவிட்டது.

பாயா தெருபோங், பதினான்காவது மாடி.
குழாயைத் திறந்து கால் கழுவுகிறேன்.
ரத்தம் நிற்க நேரமாகிறது.
இது அந்தத் தண்ணீர்தானா, தெரியாது.
இருந்தாலும் இன்றைக்கு
பல் தேய்க்கும்போது மூடி வைத்தேன்.

வெட்டாமல், ஒட்டாமல்
படத்தைப் புனிதமலருக்கு அனுப்பினேன்.
அழகு என்று சொல்லவில்லை.
"பையன் விழுந்தானா?" என்று கேட்டாள்.

என் படத்தைப் பார்த்து
அதற்கப்புறம் என்ன ஆச்சு என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.
இல்லை, அந்தப் பக்கம் போயிட்டான்,
என்று தட்டுகிறேன்,
ஈர விரலால்,
எழுத்துப் பிழையோடு.