ஒப்பந்தப்புள்ளி

பெட்டிக்கு இரண்டு பூட்டு.
ஒரு சாவி செயல் அலுவலரின் பெல்ட்டில்,
மற்றது என் டிபன் பையில்,
ஊறுகாய் டப்பாவுக்குப் பக்கத்தில்.

ஒன்பதாவது வார்டில் மோட்டார் எரிந்து பதினெட்டு நாள்.
ஏழரை குதிரைத்திறன் நீர்மூழ்கி,
கேபிள், ஸ்டார்ட்டர், இறக்கிப் பொருத்தும் கூலி உட்பட
மதிப்பீடு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம்.
இரண்டைத் தொட்டால் கோப்பு மேலே போகும்.
எங்கள் பேரூராட்சியில்
எதுவும் இரண்டைத் தொட்டதில்லை.

அறிவிப்பை முறைப்படி ஒட்டினோம்.
மறுநாள் அதன்மேல் ஒரு காதணி விழா.
கிழிக்க மனமில்லை, குழந்தை நன்றாகச் சிரித்திருந்தது.

கடைசி நாள்.
மேலே ஆந்திராவில் அணையைத் திறந்துவிட்டார்கள்.
கொசஸ்தலை தரைப்பாலத்தின்மேல் முழங்கால் அளவு ஓடுகிறது,
ஒன்பதாவது வார்டோ
இங்கே காலிக் குடங்களோடு வாசலில்.
"ஆத்துல போற தண்ணிக்கு டெண்டர் வேணாமா?"
கேட்டவள் பெயர் குப்பாபாய்.
அந்தக் கேள்விக்கு எங்களிடம் படிவம் இல்லை.

மூன்று கவர்கள்.
முனிரத்தினம் அண்டு பிரதர்ஸ்,
கஜலட்சுமி என்டர்பிரைசஸ்,
ஸ்ரீ கங்கம்மா டிரேடர்ஸ்.
மூவரும் ஒரே காரில் வந்தார்கள்.
ஒருவர் டீ சொல்லப் போனார், எனக்கும் சேர்த்து.

மூன்று மணிக்குப் பெட்டியின் வாயில் காகிதம் ஒட்டிக்
கையெழுத்திட்டார் செயல் அலுவலர்.
மூன்று ஏழுக்கு
படியேறி வந்தார் ரத்னகுமாரி,
நகரியில் காயில் கட்டும் கடை,
விரல் இடுக்கில் வார்னிஷ், புடவை முட்டிவரை ஈரம்.
"பஸ்ஸு அந்தாண்டையே நின்னுடுச்சு மேடம்,
நடந்தே தாண்டினேன்.
கவர் மட்டும் நனையல, பாருங்க."
தலைமேல் பிடித்து வந்திருக்கிறார்.

நான் பார்த்தேன்.
விதி பதினொன்றையும் பார்த்தேன்.
காலங்கடந்து வரும் உறை பிரிக்கப்படாமல் திருப்பப்படும்.
பதிவேட்டில் நேரத்தை எழுதினேன், கையொப்பம் வாங்கினேன்,
திருப்பினேன்.
டீயோடு வந்தவர்
"ரூல்ஸுன்னா ரூல்ஸும்மா" என்றார், இரக்கமாக.

மூன்றரைக்குப் பிரித்தோம்.
முக்கால் சதவீதம் கூடுதல் ஒன்று,
மற்ற இரண்டும் அதைவிடக் கொஞ்சம் கொஞ்சம்.
மூன்றிலும் சோற்றுப்பசை.
மூன்றிலும் 'நீர்மூள்கி'.
முன்வைப்புத் தொகை வரைவோலைகள் ஒரே கிளை:
ஆறு ஒன்று நான்கு இரண்டு சுழி ஏழு,
எட்டு,
ஒன்பது.
ஒன்று, இரண்டு சொல்லத் தெரிந்த குழந்தைகூட
அடுத்ததைச் சொல்லிவிடும்.

ஒப்புநோக்குப் பட்டியலில்
அந்த எண்களுக்குப் பத்தி இல்லை.
குறிப்பு என்று ஒன்று உண்டு, எப்போதும் காலி.
அதில் எழுதினேன், மூன்றையும், சிவப்பு மை இல்லாமல்,
கோடு போடாமல்.
"இத யாரு கேட்டா?"
"யாரும் கேக்கல சார்."
அவர் பேனாவைத் திறந்து
மூடி
மறுபடி திறந்து கையெழுத்துப் போட்டார்.
தணிக்கை வர இரண்டு வருடம் ஆகும்.
அதற்குள் அவருக்கு மாறுதல், எனக்கும்.

மோட்டார் வந்தது. ஓடுகிறது.
பொய் சொல்வானேன், தண்ணீர் நன்றாகவே வருகிறது.
குப்பாபாய் என்னைப் பார்த்தால் இப்போது சிரிக்கிறாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.
அறிவிப்பின் நகல் ஒன்றை
நகரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து
மோட்டார் கடைகளில் காட்டச் சொன்னது நான்தான்.
இது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அன்று பாலத்தில் நீர் வடியும்வரை
ரத்னகுமாரி சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்.
கவரை நான்காக மடித்து
செருப்பின் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்.
ஐந்தே முக்காலுக்கு அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு
அவரைக் கடந்துதான் போனேன்.
உள்ளே எழுதியிருந்த தொகை என்னவென்று கேட்டிருக்கலாம்.
அதைத் தடுக்கும்
விதி எதுவும் இல்லை.