ஹைமாவுக்கு எண்பது கிலோமீட்டர் முன்னால்

கண்ணாடியில் முதலில் தெரிந்தது
துள்ளிய ஒரு கறுப்பு.
அடிபட்ட நாய் என்று நினைத்தேன்.
இந்தச் சாலையில் நாய் ஏது.
அப்புறம்தான் சத்தம்.
பின்னால் இழுத்து வந்த வீடு
ஒருமுறை விக்கிற்று.

ஸ்டியரிங்கை வெட்டாதே, பிரேக்கில் ஏறாதே,
காலை எடு, தானாக அடங்கட்டும்.
மூன்று வருஷத் தண்ணீர் லாரி
முதுகெலும்பில் எழுதி வைத்திருந்தது.

மண்ணில் இறக்கி நிறுத்தினேன்.
சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கல் தேடினால்
கண்ணெட்டும் தூரம் வெறும் பொடிச் சல்லி.
சலாலாவில் சமைப்பதற்கென்று ஏற்றிய
பாசுமதி மூட்டை இரண்டை
முன்னால் ஒன்று பின்னால் ஒன்று வைத்தேன்.

சக்கரத்து மேல்வளைவு
அப்பளமாக நொறுங்கித் தொங்கியது.
அடியில் குழாய் அறுந்து
முப்பது லிட்டரா நாற்பதா,
கணக்குப் பார்ப்பதற்குள் மண் குடித்துவிட்டு
ஈரம் இல்லாத முகத்தோடு கிடந்தது.
கேஸ் வால்வை மூடினேன்.
டயரின் பக்கவாட்டை உள்ளங்கையால் சுற்றித் தடவினேன்.
வெட்டு இல்லை. சூடு மட்டும்.

அபூ கல்பானுக்குப் போன்.
அவர் பிள்ளைகளோடு நாளை மறுநாள்
விமானத்தில் வருவார், சாரல் பார்க்க.
“எதில் இடித்தாய், சதக்?”
அரபியும் நம் பாஷை மாதிரிதான்,
வினைச்சொல்லின் வாலில் ஆள் தொங்குவான்.
இடித்தாய்.
அந்த வாலில் நான் இருந்தேன்,
லாரி உரித்துப் போட்ட டயர்த் தோல் இல்லை.
“படம் அனுப்பு.”

நானூறு தப்படி பின்னால் நடந்தேன்.
நடுக்கோட்டில் கிடந்தது,
ஒன்றரை ஆள் நீளம்,
ஓரமெல்லாம் கம்பி முடி.
இரண்டு டிரெய்லர்கள் போகக் காத்திருந்து
துண்டைக் கையில் சுற்றி இழுத்தேன்.
துண்டைத் தாண்டியும் குத்தியது.

இரண்டு கோடை முன்பு, இதே சாலையில்,
ஆதமுக்கு இந்தப் பக்கம்
நானும் ஒன்றை விட்டுவிட்டுப் போனேன்.
டப் என்றது. இரட்டைச் சக்கரம்,
ஒன்று போனால் ஒன்று தாங்கும்,
கேம்ப்பில் இருநூறு பேர் குளிக்கக் காத்திருந்தார்கள்.
கண்ணாடியில் பார்த்தேன்.
பார்த்தேன், அவ்வளவுதான்.

இது அதுவாக இருக்காது.
இரண்டு கோடைக்கு எந்தத் தோல் தங்கும்.
என்றாலும் எச்சில் தொட்டுத் துடைத்து
கம்பெனிப் பெயரைத் தேடினேன்.
கடைசி இரண்டு எழுத்து மிச்சமிருந்தது,
எதையும் நிரூபிக்காமல் இருக்க
அது போதுமாக இருந்தது.

உடைந்த வளைவின் பக்கத்தில் படுக்கவைத்து
ஆறு படம் எடுத்தேன்.
என் நிழல் விழுந்த ஒன்றை அழித்தேன்.

தொங்கியதை அவர்கள் ரொட்டிக் கத்தியால் அறுத்து,
குழாயை மடக்கி, டை போட்டு இறுக்கி,
வெள்ளி டேப்பை எட்டுச் சுற்று.
கத்தியைக் கழுவத் தண்ணீர் இல்லை.
சட்டையில் துடைத்து அதே இடத்தில் வைத்தேன்.

தோலை என்ன செய்ய.
ஓரத்தில் விட்டால்
ஓரத்தை இங்கே காற்றுதான் முடிவுசெய்கிறது.
கதவைத் திறந்து, வளைத்துத் தூக்கி,
குழந்தைகள் மீன் ஸ்டிக்கர் ஒட்டிய
வெள்ளைக் குளியலறையில் நிறுத்தினேன்.
உயரம் பற்றாமல் குனிந்து நின்றது
புது இடத்துக்கு வேலைக்கு வந்தவன் மாதிரி.

அறுபதில் ஓட்டினேன்.
ஹைமாவில் விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.
போலீஸ்காரன் டேப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
“உள்ளே ஆள் இருக்கா?”
“இல்லை.”
போ என்று கை காட்டினான்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது
குளியலறைக் கதவை உள்ளிருந்து
யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

சலாலா இன்னும் ஐந்நூறு.