தயாரிப்பு என்ற கட்டம்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
வாடிப்பட்டி ஸ்டேஷனுக்குத்
துப்பாக்கிகள் வரத் தொடங்கின.
கோணிப்பையில் ஒன்று, போர்வையில் ஒன்று,
பிள்ளையின் யோகா பாய்க்குள் சுருட்டி ஒன்று.
பேரேட்டில் ஏற்றுவது என் வேலை:
உரிமம், குழல் எண், தயாரிப்பு, நிலை.

ரைஸ்மில் தியாகேசன் பெட்டியோடு வந்தார்.
சிவப்பு வெல்வெட், பித்தளைப் பூட்டு,
உள்ளே சீமை இரட்டைக்குழல்.
"பர்மிங்காம்னு போடுங்க ரைட்டரம்மா,
எழுத்துப் பிழை இல்லாம."
போட்டேன்.
"இந்த மாதிரி இரும்பு இனி வராது.
நம்மாளு செஞ்சா
சுடுறவனையும் சேர்த்துல்ல சுடும்."
அவர் மட்டும்தான் சிரித்தார்.
வாசலில் அவருடைய ஜெர்மன் கார்
சத்தமே இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தது.

ஒச்சப்பன் நடந்து வந்தார்.
அடகுக்கடைக் காவல், பழைய பட்டாளம்.
ஒற்றைக்குழல், இஷாப்பூர்.
கட்டை விரிந்த இடத்தில் கறுப்பு டேப்.
"விலக்கு உத்தரவு வரும்னாங்க, வரலை.
இது இல்லாத நாளைக்கு
அரைச் சம்பளம்தான்."
நிலை என்ற கட்டத்துக்காகக் கேட்டேன்:
நல்லா சுடுமா?
"ஒம்பது வருசமா எங்கூட நிக்குது.
சுட்டதில்லையே, எப்படித் தெரியும்?"

இரண்டுக்கும் 'நல்ல நிலை' என்று எழுதினேன்.
கட்டம் சிறியது, வேறு சொல் கொள்ளாது.

எங்கள் ஜீப் இந்த நாட்டில் பிறந்தது.
கதவைக் கயிற்றால் கட்டித்தான் மூடுவோம்.
பாண்டியராஜபுரம் பக்கம்
ஒரு மோட்டார் திருடனை ஏற்றி வரும்போது நின்றுவிட
அவனையே இறக்கித் தள்ளச் சொன்னோம்.
தள்ளினான்.
கிளம்பியதும் ஓடி வந்து
அவனே ஏறிக்கொண்டான்.

அதே வாரம் தியாகேசனின் கார்
ஆண்டிப்பட்டி பங்களா விலக்கில் நின்றது.
தள்ளவும் முடியவில்லை,
சக்கரம் பூட்டிக்கொண்டது.
சோழவந்தான் ஜெயிலானி மூடியைத் திறந்தான்.
உள்ளே இன்னொரு மூடி.
"எங்க கை வைக்கிறதுன்னே தெரியல மொதலாளி" என்று
கையைத் துடைத்துக்கொண்டான், அழுக்கே படாத கையை.
பாகம் வரப் பதினொரு நாள்.
வாகைமர நிழலில் கார் பூ மூடிக் கிடந்தது.
ஆடு ஒன்று அதன்மேல் ஏறி நின்று
எட்டாத கிளையை எட்டிப் பிடித்தது.

கோடை மழை இறங்கிய இரவு
அலமாரிக்குள் ஈர வாடை.
வீட்டுத் தையல் மிஷின் எண்ணெயைக் கொண்டுபோய்
ஒவ்வொன்றாகத் துடைத்தேன். யாரும் சொல்லவில்லை.
சீமைத் துப்பாக்கியை மடக்கியபோது
கீல்முள் மட்டும் வேறு நிறம்.
அதன் தலையில், கடுகளவு,
யாரோ உளியால் ஓர் எழுத்து வைத்திருந்தார்கள்:
மு.
முனிச்சாலை லேத்துப் பட்டறையோ,
முருகேசனோ முபாரக்கோ.
பேரேட்டை எடுத்தேன்.
திருத்தினால் கையொப்பம் வேண்டும், காரணம் வேண்டும்.
மூடி வைத்தேன்.

நாற்பத்து மூன்றாம் நாள்
தியாகேசன் டிரைவரை அனுப்பினார்.
ஒச்சப்பன் விடியும் முன்பே வந்து
வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.
வாங்கியவர் குழலைப் பார்க்கவில்லை.
தோளில் மாட்டினார்,
தோள் தன் பழைய சாய்வுக்குத் திரும்பியது.
பிறகு மோந்து பார்த்தார்.
"எண்ணெ போட்டிருக்கே?"
வழக்கம்தான் என்றேன்.

போகாமல் நின்றார்.
"இத்தனை நாளும் இது இங்கதான் இருந்துச்சுன்னு
ஒரு சர்ட்டிபிகேட் கெடைக்குமா?
மிச்ச அரைச் சம்பளத்தைக் கேட்டுப் பாக்கணும்."

அதற்குப் படிவம் இல்லை.
வெள்ளைத்தாள் எடுத்தேன்.
பழக்கத்தில் 'தயாரிப்பு' என்று தொடங்கிய கை
பாதியில் நின்றது.
அடித்துவிட்டு
அவர் பெயரிலிருந்து எழுதினேன்.