பெருக்கல்குறி

திருத்துறைப்பூண்டியில் சரியாகத்தான் இருந்தது.
மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.
ஐந்தாம் பக்கத்து ஷட்டரின் துரு
தொட்டால் விரலில் ஒட்டும்போல் இருந்தது.

நாகப்பட்டினம் கலெக்டர் ஆபீஸில்
அதே கோப்பு, அதே ஐந்தாம் பக்கம்:
வெள்ளைக் கட்டம்,
மூலையில் சுண்டுவிரல் நகமளவு
சிவப்புப் பெருக்கல்குறி.
கீழே நான் தட்டிய வரி மட்டும் ஒழுங்காக,
‘மதகு எண் 14, பழுதடைந்த நிலை.’

இணைக்கப்பட்ட படத்தைக் காட்ட இயலவில்லை.
கோப்பு நகர்த்தப்பட்டிருக்கலாம்,
பெயர் மாற்றப்பட்டிருக்கலாம்,
அழிக்கப்பட்டிருக்கலாம்.
எங்கள் துறை பதில் எழுதுவதுபோலவே
எழுதியிருந்தது கணினி.

புரொஜெக்டர் வயரைப் பிடுங்கிச் செருகினேன்.
மூடித் திறந்தேன்.
ஆறாம் பக்கம் போனேன்: கட்டம்.
ஏழு: கட்டம்.
மேட்டூர் திறக்க ஒன்பது நாள் இருந்தது.
செயற்பொறியாளர் இருமினார்,
இருமல் இல்லாத மனிதர்.

கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து சகாயராணி வந்தாள்.
படங்களைப் பார்க்கவே இல்லை அவள்,
கோப்பின் எடையைப் பார்த்தாள்.
“முப்பத்தெட்டு படம், முந்நூறு கேபி.
எப்படி மேடம் உள்ள இருக்கும்?”

உள்ளே படம் இல்லை.
படம் இருக்கும் இடம்தான் இருந்தது:
டி டிரைவ், புது ஃபோல்டர் இரண்டு,
அதற்குள் புது ஃபோல்டர்,
அதற்குள் ‘மதகு ஃபைனல் கடைசி’.
அந்த விலாசத்தை வைத்துக்கொண்டு
இந்தக் கணினி தன் டி டிரைவில்
தெருத்தெருவாய்த் தேடியிருக்கிறது, பாவம்.
அங்கே முதியோர் உதவித்தொகைப் பட்டியலும்
யார் மகளுக்கோ அடித்த கல்யாணப் பத்திரிகையும்.

செருகு என்பதன் பக்கத்தில்
சின்னதாய் ஒரு அம்பு.
அதைத் தொட்டு, இணைப்பு என்பதை அழுத்தியிருக்கிறேன்.
எங்கள் கடிதத்தில் ‘இணைப்பு: 3’ என்றால்
பின் குத்திய மூன்று தாள்
கூடவே போகும்.
இங்கே அதற்கு வேறு அர்த்தம்.

வைரக்கண்ணுவுக்குப் போன் போட்டேன்.
“மாதாந்திரப் பராமரிப்பு மேடம்,
நாலு மணிக்குத்தான் கரண்ட்.”
அவர் போனில் இருந்த ஏழு படம்
வாட்ஸப்பில் வந்தது, வரிசை மாறி.
ஷட்டர் இருந்தது,
பாதியை அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது.

கடைசி வரிசையில் தலைஞாயிற்றுக்காரர்கள்.
நாடிமுத்து துண்டை உதறி எழுந்தார்.
“படம் எதுக்கும்மா?
முப்பது கிலோமீட்டர்தானே,
வண்டிய எடுங்க.”
சிரித்தார்கள். கலெக்டரும் சிரித்தார்.
பிறகு, “அடுத்தது” என்றார்.

அடுத்ததும் கட்டம்தான்.

பதினைந்து நாள் கழித்துக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு வந்தது.
பத்தி நான்கு:
‘மதகுகளின் புகைப்படங்கள் பார்வையிடப்பட்டன.’
இரண்டு முறை படித்துவிட்டு
கையெழுத்துப் போட்டேன்.

இப்போது எல்லாப் படமும் உள்ளேதான்.
கோப்பு தொண்ணூற்று நாலு எம்பி,
மெயில் தூக்க மாட்டேன் என்கிறது.
பென் டிரைவில் போட்டு,
டிபன் பாக்ஸோடு பையில் வைத்து,
அடுத்த கூட்டத்துக்கு நாகை பஸ் ஏறினேன்.
சகாயராணி சொன்னபடி
வேறொரு கணினியில் திறந்து பார்த்தாயிற்று,
பூக்கடைக்கு அடுத்த ஜெராக்ஸ் கடையில்,
பத்து ரூபாய்.

பாலத்தில் பஸ் மெதுவானபோது
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.
மதகு எண் 14.
மஞ்சள் பெயின்ட்டில் எண் பளிச்சென்று.
நகர்த்தப்படவில்லை,
பெயர் மாற்றப்படவில்லை,
அழிக்கப்படவில்லை.
திறக்கவும் இல்லை.